பத்துக் கட்டமும் பதினைந்து கட்டமும்

பரங்கிமலைத் தடம்: ஒரு மருத்துவ வரலாறு – 17

ஆதம்பாக்கம் கக்கன் பாலத்துக்கு அருகே என் அத்தை மகன் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், போடவில்லை. 2019-இல் கோடை முடிந்தும் அவனுக்கு இருமல் நிற்கவில்லை. சளியைச் சோதித்தபோது காசநோய் என்று வந்தது. ரிஃபாம்பிசினுக்கு மசியாத கிருமி என்பதும் கூடவே தெரிந்துவிட்டது. பெடாகுயிலின் என்ற புதிய மாத்திரையோடு சிகிச்சை தொடங்கியது.

பத்தாம் நாள் ஓரிடத்தில் இ.சி.ஜி. எடுத்தார்கள். சீட்டின் மேற்பகுதியில் இயந்திரமே அச்சிட்ட எண்களில் ஒன்று 516. அதைப் பார்த்தவர், "ஐந்நூறைத் தாண்டிடுச்சு. இந்த மாத்திரை இதயத்துக்கு ஆகாது" என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். அத்தை அன்றிரவு தூங்கவில்லை. அவன் மூச்சு விடுகிறானா என்று எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு நாள் மாத்திரை இல்லை. ஐந்தாம் நாள் வேறொரு மருத்துவர் அதே சீட்டை வாங்கினார். பென்சில் முனையால் கட்டங்களை எண்ணினார். ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டு, 474 என்று எழுதி வட்டமிட்டார். "மாத்திரையை விடாதீங்க தம்பி. பொட்டாசியம் பார்த்துட்டு இன்னொரு இ.சி.ஜி. எடுப்போம்" என்றார்.

ஒரே நெஞ்சு, ஒரே சீட்டு, இரண்டு எண்கள். ஒன்று மருந்தை நிறுத்தச் சொன்னது, மற்றது தொடரச் சொன்னது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் 42 எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனதில்தான் இந்த அத்தியாயம் பிறந்தது.

பரங்கிமலை நிலையத்தில் தாம்பரம் வண்டி ஏறினால் ஆறாவது நிறுத்தம் சானடோரியம். டாக்டர் சௌரி முத்து 1928-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியதையும், 1937-இல் அது அரசின் கைக்கு வந்ததையும் முன்பே பார்த்தோம். அவர் காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. காற்று, வெயில், ஓய்வு, பால், முட்டை, அவ்வளவுதான். மருந்து இல்லாததால் மருந்தின் பக்கவிளைவும் இல்லை. காசநோயாளியின் இதயத்தை வரைந்து பார்க்க வேண்டும் என்ற தேவை அங்கே எழவே இல்லை.

ஆனால் இதயத்தை வரையும் கருவி அப்போதே உலகில் இருந்தது. ஜாவாவின் செமராங்கில் பிறந்து நெதர்லாந்தின் லைடன் நகரில் பேராசிரியராக இருந்த வில்லெம் ஐந்தோவன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மெல்லிய குவார்ட்ஸ் இழையைக் காந்தத்தின் நடுவே கட்டி, இதயத்தின் மின்சாரத்தால் அது அசைவதைப் படமெடுத்தார். நோயாளி உப்புத்தண்ணீர் வாளிகளில் கைகளையும் காலையும் நனைத்துக்கொண்டு உட்கார வேண்டும். கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோ. இயக்க ஐந்து பேர். கோட்டில் தெரிந்த மேடு பள்ளங்களுக்கு அவர் வைத்த பி, க்யூ, ஆர், எஸ், டி என்ற பெயர்களைத்தான் இன்று நம் தெருமுனை லேபில்கூடச் சொல்கிறார்கள். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நமக்கு வேண்டியது அந்த வரிசையில் ஒரு துண்டு மட்டும்: க்யூ தொடங்கும் இடத்திலிருந்து டி முடியும் இடம் வரை. இதயத்தின் கீழறைகள் மின்தூண்டல் பெற்று, சுருங்கி, அடுத்த துடிப்புக்குத் தயாராக மின்நிலை திரும்பும் வரையிலான நேரம் அது. துடிப்பு முடிந்ததும் ஒவ்வொரு செல்லும் தன்னுள்ளிருக்கும் பொட்டாசியத்தைச் சிறு வாசல்கள் வழியே வெளியே விட்டால்தான் பழைய நிலைக்குத் திரும்பும். அந்த வாசலை ஒரு மருந்து அடைத்தாலோ, பிறவியிலேயே அது பழுதாக இருந்தாலோ, திரும்புதல் தாமதமாகும்; காகிதத்தில் டி அலையின் வால் நீளும். திரும்பி முடிவதற்குள் அடுத்த பொறி விழுந்துவிட்டால் கீழறைகள் தாளம் கெட்டு ஓடத் தொடங்கும். அபாயம் வருவதற்கு முன்பே அதன் நிழல் காகிதத்தில் விழுகிறது என்பதுதான் இந்தக் கோட்டின் பெருமை.

ஆனால் இந்த நேரம் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. இதயம் வேகமாகத் துடித்தால் தானாகவே குறுகும். நிதானமாகத் துடித்தால் நீளும். மாடிப்படி ஏறி வந்தவரையும் படுத்து எழுந்தவரையும் ஒரே அளவுகோலால் எப்படி ஒப்பிடுவது?

இங்கே எங்கள் பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற படை அதிகாரி பரங்கிமலை அருகிலிருந்து பெரும்பாக்கம் நோக்கி ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெரும் நில அளவைக்கு அதுதான் அடிக்கோடு. கையில் நூறடி எஃகுச் சங்கிலி. சென்னை வெயிலில் எஃகு நீளும். ஆகவே சங்கிலியை நிழலில் வைத்தே அளந்தார். கூடவே வெப்பமானியும் வைத்து, காட்டிய சூட்டுக்கு ஏற்ப ஒவ்வொரு அளவையும் திருத்தி எழுதினார். திருத்தாத அளவை அவர் அளவாகவே மதிக்கவில்லை. அந்த வெளியில் இன்று வீடுகள் நெருங்கி நிற்கின்றன. க்யூ-டி இடைவெளிக்கும் அப்படியொரு திருத்தம் வேண்டியிருந்தது. வெப்பத்துக்குப் பதிலாக இங்கே துடிப்பின் வேகம்.

1920-இல், ஒரே ஆண்டில், இரண்டு பேர் அதற்கு இரண்டு விடை சொன்னார்கள். ஆங்கிலேய உடலியலாளர் ஹென்றி பாசெட், அளந்த நேரத்தை இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தின் வர்க்கமூலத்தால் வகுக்கச் சொன்னார். டென்மார்க்கின் லூயி ஃப்ரெடரீசியா கனமூலத்தால் வகுக்கச் சொன்னார். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் இரண்டும் ஒரே விடையைத் தரும். வேகம் கூடக்கூட இரண்டும் பிரியும். பாசெட்டின் எண் தேவைக்கு மேல் ஏறிக்கொண்டே போகும். கணக்குப் போட எளிது என்பதாலோ என்னவோ, உலகம் பாசெட்டைத்தான் பிடித்துக்கொண்டது. பல இ.சி.ஜி. இயந்திரங்கள் தாமாக அச்சிடுவதும் அவருடைய எண்தான்.

இந்த அளவு உயிர் சம்பந்தப்பட்டது என்று உலகுக்குக் காட்டியவர்கள் நார்வேயின் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள். யெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற இரு மருத்துவர்கள் 1957-இல் அவர்களைப் பற்றி எழுதினார்கள். ஆறு பிள்ளைகளில் நால்வருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நால்வரும் அடிக்கடி மயங்கி விழுந்தார்கள். மூன்று பேர் நான்கு, ஐந்து, ஒன்பது வயதுகளில் இறந்துபோனார்கள். நால்வருக்கும் க்யூ-டி இடைவெளி மிக நீளமாக இருந்தது. இந்த வகை, பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேரும்போது தோன்றுவது. சொந்தத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம் குடும்பங்களில் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். காது கேளாத குழந்தை ஓடும்போதோ பயப்படும்போதோ மயங்கி விழுந்தால், வலிப்பு என்று முடிவுகட்டிச் சாவிக்கொத்தைக் கையில் திணித்துவிட்டு வீட்டுக்கு அழைத்துப்போய்விடாதீர்கள். ஓர் இ.சி.ஜி. எடுங்கள்.

இடைவெளி நீண்டவர்களுக்கு வரும் அந்தத் தாளக்கேட்டுக்குப் பெயர் வைத்தவர் பாரிஸ் மருத்துவர் டெசெர்டென். 1966-இல் எண்பது வயது மூதாட்டி ஒருவரின் கோட்டில் அலைமுனைகள் ஓர் அச்சைச் சுற்றி முறுக்கிக்கொண்டு போவதைக் கண்டு, 'முனைகளின் முறுக்கு' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரை இட்டார். நமக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. கைமுறுக்கு சுற்றும் பாட்டியின் விரல்களுக்கு நடுவே மாவு எப்படிப் புரண்டு புரண்டு வருமோ, அந்தக் கோடும் அப்படித்தான் மேலும் கீழும் புரளும். சில நேரம் தானே அடங்கிவிடும். நோயாளி மயங்கி எழுவார். அடங்காவிட்டால் எழமாட்டார்.

அதுவரை இதை அபூர்வமான நோய் என்றே நினைத்திருந்தார்கள். தும்மலுக்குப் போடும் மாத்திரை அந்த எண்ணத்தை மாற்றியது. டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மருந்தைப் பூஞ்சைக்கான கீட்டோகோனசோலோடு சேர்த்துச் சாப்பிட்ட ஓர் அமெரிக்கப் பெண்ணுக்கு இந்த முறுக்கு வந்ததை 1990-இல் எழுதினார்கள். கீட்டோகோனசோல் ஈரலின் வேலையைத் தடுக்க, கரைந்திருக்க வேண்டிய டெர்ஃபெனடின் கரையாமல் இரத்தத்தில் தேங்கிவிட்டது. பின்னர் அந்த மருந்து விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. ஈரல் அதை மாற்றித் தரும் பொருள் இதயத்தைத் தொடுவதில்லை என்று கண்டு அதையே தனி மருந்தாக்கினார்கள்: ஃபெக்ஸோஃபெனடின். நம் வீட்டு மருந்துப் பெட்டியில் அலெக்ரா என்ற பெயரில் கிடப்பது அதுதான். வயிற்று உப்புசத்துக்குக் கொடுத்துவந்த சிசாப்ரைடும் இதே காரணத்தால் விழுந்தது. இந்தியா அதை 2011-இல் தடை செய்தது. 2005 முதல், புதிய மருந்து எதுவானாலும் க்யூ-டியை நீட்டுகிறதா என்று தனியே சோதித்துக் காட்ட வேண்டும் என்பது உலக வழக்காயிற்று.

பெடாகுயிலின் வந்தது இந்தச் சூழலில். காசநோய்க் கிருமி தனக்கு வேண்டிய சக்தியைத் தயாரிக்கும் பொறியையே நிறுத்திவிடும் மருந்து. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த புது வகை. 2012 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தபோதே பெட்டியில் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையும் இருந்தது. க்யூ-டியை நீட்டுகிறது என்பது ஒன்று. சோதனையில் இந்த மருந்து எடுத்த 79 பேரில் 9 பேரும், வெற்று மாத்திரை எடுத்த 81 பேரில் 2 பேரும் இறந்திருந்தார்கள் என்பது இன்னொன்று. அந்தச் சாவுகளுக்கும் க்யூ-டிக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. ஆனாலும் அந்த எண்களைப் பார்த்த எவருக்கும் கை தயங்கும், தயங்கவும் வேண்டும். சிகிச்சைக்கு முன் ஒரு இ.சி.ஜி., பிறகு குறைந்தது 2, 12, 24-ஆம் வாரங்களில் ஒவ்வொன்று என்று விதித்தார்கள். திருத்திய எண் 500 மில்லிவிநாடியைத் தாண்டினால், மறுபடி எடுத்து உறுதி செய்துகொண்டு, மருந்தை நிறுத்த வேண்டும்.

இந்தியா இன்னும் எச்சரிக்கையாக இருந்தது. 2016-இல் ஆறே மையங்களில் தொடங்கினார்கள். சென்னையும் அதில் உண்டு. முதல் கட்டத்தில் மருந்து பெற்றவர்கள் 620 பேர். மருந்து எதிர்ப்புக் காசநோய் வருடத்துக்கு லட்சம் பேருக்கு மேல் தலையெடுக்கும் நாட்டில் அறுநூற்றுச் சொச்சம். பாட்னாவைச் சேர்ந்த ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு, டெல்லியில் குடியிருப்பவர் அல்ல என்ற காரணத்தால் இந்த மருந்து மறுக்கப்பட்டது. தந்தை டெல்லி உயர்நீதிமன்றம் வரை போய் 2017 ஜனவரியில் வாங்கினார். நோய் அதற்குள் வெகுதூரம் போயிருந்தது. மறுவருடம் அவள் இறந்தாள். எச்சரிக்கையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது காப்பாற்றிய உயிர்களும் உண்டு. ஆனால் எச்சரிக்கைக்கும் விலை உண்டு. அதைக் கொடுத்தவள் அவள்.

இனி அத்தை மகனின் சீட்டுக்கு வருகிறேன். அதை நான் வாங்கி என் மேசையில் விரித்துப் பார்த்திருக்கிறேன். காகிதம் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது. ஆகவே ஒரு சிறு கட்டம் 40 மில்லிவிநாடி. க்யூவின் தொடக்கத்திலிருந்து டியின் முடிவு வரை பத்துச் சிறு கட்டம்: 400 மில்லிவிநாடி. ஒரு ஆர் முனையிலிருந்து அடுத்த ஆர் முனைக்குப் பதினைந்து சிறு கட்டம்: 0.6 விநாடி. அதாவது நிமிடத்துக்கு 100 துடிப்பு. இரும்புக் கட்டிலில் சட்டையைக் கழற்றிப் படுத்து, மின்விசிறிக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்தவனுக்கு நூறு துடித்ததில் வியப்பில்லை. இரத்தச்சோகை, காய்ச்சல், பயம் என்று காசநோயாளிக்கு இதயம் வேகமாக ஓடக் காரணங்கள் நிறைய.

0.6-இன் வர்க்கமூலம் 0.775. நானூறை அதனால் வகுத்தால் 516. இது பாசெட். 0.6-இன் கனமூலம் 0.843. அதனால் வகுத்தால் 474. இது ஃப்ரெடரீசியா. காசநோய் வழிகாட்டு நெறிகள் ஃப்ரெடரீசியாவைத்தான் கேட்கின்றன. காரணம் இந்த வேகம்தான். இயந்திரம் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த கணக்கைப் போட்டு அச்சிட்டது. எந்தக் கணக்கு என்று யாரும் அதைக் கேட்கவில்லை.

474-ம் அலட்சியப்படுத்தக்கூடிய எண் அல்ல. ஆணுக்கு 450-ஐத் தாண்டினாலே நீண்டது என்றுதான் பொருள். அந்த மருத்துவர் பென்சிலைக் கீழே வைத்த பிறகு கேட்ட கேள்விகளை அவன் எனக்கு அப்படியே சொன்னான்.

"வாந்தி இருக்கா தம்பி?"

"இருக்கு சார். காலையில மாத்திரை போட்டா ஒரு மணி நேரத்துல வந்துடுது."

"அதுக்கு என்ன போடுறீங்க?"

"பக்கத்து மெடிக்கல்ல ஒரு மாத்திரை குடுத்தாங்க. நாக்குல வச்சா கரையும்."

அது ஒண்டான்செட்ரான். நல்ல மருந்துதான், ஆனால் அதுவும் க்யூ-டியை நீட்டும். வாந்தியில் பொட்டாசியமும் மக்னீசியமும் போகும்; அவை குறைந்தால் இடைவெளி இன்னும் நீளும். அவன் எடுத்துக்கொண்டிருந்த கூட்டு மருந்துகளில் குளோஃபாசிமினும் லீவோஃப்ளாக்சசினும் தம் பங்குக்கு அதே திசையில் இழுப்பவை. தனித்தனியே ஒவ்வொன்றும் சிறு இழுப்பு. நான்கும் ஒரே நாளில் கூடும்போதுதான் அபாயம். மருத்துவர் வாந்தி மாத்திரையை மாற்றினார். பெடாகுயிலினைச் சாப்பாட்டோடு போடச் சொன்னார். இரத்தத்தில் பொட்டாசியம் குறைவாக இருந்ததைச் சரிசெய்தார். அடுத்த சீட்டில் எண் இறங்கியிருந்தது.

இன்னொன்றையும் அவர் அத்தைக்குச் சொன்னாராம். பெடாகுயிலின் உடம்பின் திசுக்களில் தங்கி மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ ஐந்தரை மாதம். நிறுத்தியதும் மறுநாளே ஓடிவிடும் மருந்தல்ல. ஆகவே கடைசி மாத்திரைக்குப் பிறகும் இதயத்தைக் கவனிக்க வேண்டும், அவசரப்பட்டு நிறுத்துவதால் ஆபத்து உடனே நீங்கியும் விடாது.

2020-இல் கொரோனா வந்தபோது ஹைட்ராக்சிகுளோரோகுயினைத் தேடி ஊரே மருந்துக் கடைக்கு ஓடியது. அந்த மருந்தும் அசித்ரோமைசினும் சேர்ந்தால் க்யூ-டி நீளும் என்ற செய்தி நாளிதழ்களில் வந்தது. மருந்துக்கு முன் இ.சி.ஜி. எடுத்து க்யூ-டியைப் பார்க்கலாம் என்று ஐ.சி.எம்.ஆரின் திருத்திய அறிவுரையும் அந்த மே மாதம் சொன்னது. அத்தை எனக்குப் போன் செய்து, "நம்ம புள்ளைக்கு எண்ணின அதே கட்டம்தானேப்பா?" என்று கேட்டார். அதேதான்.

சென்னைக்கு இந்தக் கதையில் இன்னொரு பங்கும் இருக்கிறது. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வாலஸ் ஃபாக்ஸின் தலைமையில், 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை சானடோரியத்திலும் மறு பாதியை அவர்கள் வீட்டிலுமே வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீடும் போதும் என்று 1959-இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் கதவைத் திறந்துவிட்டது. மழை ஒழுகும் ஒற்றை அறைகளிலிருந்து வந்த நம் ஊர் ஏழைகள் உலகுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்கும் அதே நிறுவனம்தான், பெடாகுயிலின், டெலமனிட், லினசோலிட், குளோஃபாசிமின் ஆகிய நான்கை மட்டும் வைத்து ஆறு முதல் ஒன்பது மாதத்தில் கடும் வகைக் காசநோயைக் குணமாக்க முடியுமா என்று 165 பேரிடம் சோதித்தது. நான்கில் மூன்று க்யூ-டியை நீட்டுபவை என்று தெரிந்தே, கோட்டை விடாமல் பார்த்துக்கொண்டே கொடுத்தார்கள். முடிவைக் கணிக்க முடிந்த 153 பேரில் 139 பேருக்கு நல்ல பலன். 2024 செப்டம்பரில் மத்திய அரசு அனுமதித்த ஆறு மாதக் கூட்டு மருந்திலும் பெடாகுயிலின் முதலில் நிற்கிறது.

1959-இல் நோயாளியை வீட்டுக்கு அனுப்பினோம். புதிய மருந்தோ அவரை ஒரு கோட்டுக்காகத் திரும்பத் திரும்ப மருத்துவமனைக்கு அழைக்கிறது. அத்தை மகன் பரங்கிமலை நிலையத்தில் படி ஏறி இறங்க முடியாமல், ஒவ்வொரு இ.சி.ஜிக்கும் ஆட்டோ பிடித்தான். கடையை மூடிய நாளெல்லாம் கூலி போன நாள். வீட்டுக்குப் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கோட்டை எடுத்து, அங்கேயே ஒருவர் ஃப்ரெடரீசியா கணக்கைப் போட்டுச் சொல்ல முடிய வேண்டும். கணக்குக்கு வேண்டியது ஒரு பென்சிலும் கனமூலம் போடும் செல்போனும். எனக்கு இதில் சமாதானமே கிடையாது: இருபது நிமிட வேலைக்கு ஒரு நோயாளியின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளக் கூடாது.

அவன் குணமாகிவிட்டான். குளோஃபாசிமினால் கறுத்துப்போன முகம் தெளிய வெகுநாள் ஆயிற்று. இ.சி.ஜி. சீட்டுகளை ஒரு நெகிழிக் கோப்பில் வரிசையாக வைத்திருக்கிறான். சூட்டில் பதியும் காகிதம் என்பதால் நாளானால் கோடு மங்கிவிடும். லேப் பையன் சொல்லி ஒவ்வொன்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறான். ஒன்றுக்கு மட்டும் ஜெராக்ஸ்தான் மிச்சம், அசல் இல்லை. பென்சிலில் 474 என்று வட்டமிட்ட சீட்டு அது. மகனைக் காப்பாற்றிய காகிதம் கெட்டுப்போகக் கூடாதென்று அத்தை அதைக் கடைக்கு எடுத்துப்போய் லேமினேட் செய்யக் கொடுத்தார். இயந்திரத்தின் சூட்டில் காகிதம் முழுக்கக் கறுத்து வெளியே வந்தது. அதையும் அவர் தூக்கி எறியவில்லை. பூஜை அலமாரியில், மஞ்சள் துணிக்கு அடியில் இருக்கிறது.